உனக்கும் சேர்த்து

கார்த்திகை 1, புதன்

விடியற்காலை நாலரைக்குத் தலைக்குக் குளித்து, ஐந்தரைக்கு மாலை போட்டுக்கொண்டேன். போட்டுவிட்டது என் வீட்டுக்காரர்தான். சின்னமனூரில் எங்கள் கோயிலில் யார் மலைக்கு மாலை போட்டாலும் தெய்வேந்திரன் குருசாமி கையால்தான் போடுவார்கள். இந்த வருடம் அவருக்கு இருபத்தோராவது மலை. எனக்கு முதல் மலை. வயது ஐம்பத்து மூன்று முடிந்து நான் கன்னிசாமி. பக்கத்து வீட்டு லோகமணி சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள்.

அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு எடைப் பதிவேடு எழுதிப் பழகிய கை. தேதி போட்டு எழுதினால்தான் ஒன்று நடந்ததாக எனக்குத் தோன்றும். அதனால் இந்த நோட்டு.

அருள்மணிக்கு ஐந்து வயதில் மஞ்சள்காமாலை முற்றி, மதுரை ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கண் திறக்காமல் கிடந்தான். அன்றைக்கு நேர்ந்துகொண்டேன். "பிள்ளையைக் கொடுத்துவிடு சாமி. மலைக்கு வரும் வயது எனக்கு வந்ததும், எருமேலியிலிருந்து பெருவழியில் நடந்தே வருகிறேன்." பிள்ளை எழுந்து பொரி உருண்டை கேட்டான். இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறான். நான்தான் இன்னும் வாக்கை நிறைவேற்றவில்லை.

பெருவழி என்றால் காட்டுக்குள் இரண்டு நாள் நடை. அழுதா நதி, அழுதாமேடு, கரிமலை ஏறி இறங்கி, அப்புறம்தான் பம்பை. சிறுவழிக்காரர்கள் பம்பை வரை வண்டியில் போய், அங்கிருந்து ஏறுவார்கள். நான் நேர்ந்தது பெருவழி.

கார்த்திகை 5, ஞாயிறு

ஆற்றங்கரை வழியாக குச்சனூர் வரை செருப்பில்லாமல் நடந்து திரும்பினேன். இரண்டு முள். வலது காலில் ஒன்று, இடது காலில் ஒன்று. வெள்ளிக்கிழமை அங்கன்வாடியில் ஒரு வாண்டு, "டீச்சர் செருப்பு தொலஞ்சு போச்சா?" என்று கேட்டுவிட்டுத் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தது.

வீட்டில் இப்போது நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சாமி. "சாமி, காபி கொண்டாங்க சாமி" என்கிறார். முப்பத்திரண்டு வருடமாக "ஏய்" என்று கூப்பிட்ட வாய். மாலையைக் கழற்றாமலே இருந்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

கார்த்திகை 12, ஞாயிறு

பஜனை. அறுபது பேர். என் கையால் வெண்பொங்கல், சுண்டல்.

பஜனை முடிந்ததும் கன்னிசாமிகளை முன்னால் உட்கார வைத்து அவர் கரிமலைக் கதை சொன்னார். வருடா வருடம் சொல்வதுதான். வீட்டில் சமைத்துக்கொண்டே காதில் வாங்கிய கதையை, இந்த முறை மாலையோடு முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். ஒவ்வொரு வளைவிலும் உயிர் தொண்டைக்கு வருமாம். கையில் இருக்கும் தடியே பாரமாகத் தெரியுமாம். கடைசியில் சொன்னார்: "எங்க வீட்ல ஒரு தாய் நேந்துட்டு வயசுக்காகக் காத்திருக்காக. கரிமலையில கால் வைக்கிறப்பல்லாம், இது அவுகளுக்கும் சேத்து வைக்கிற அடின்னு சொல்லித்தான் வைப்பேன்."

நான் அழுதேன். லோகமணியும் அழுதாள். பரமன் மட்டும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான். பரமன் எங்கள் குழுவில் இவருக்கு அடுத்த ஆள், காட்டுக்குள் கூட்டத்தை முன்நடத்துகிறவன். ஒவ்வொரு வருடமும் இந்தக் கதை வரும்போது அவனுக்குத் தாகம் எடுத்துவிடும். கதை கேட்கிற பொறுமை சில பேருக்குக் கிடையாது.

கார்த்திகை 17, வெள்ளி

சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

"சாமி, உங்க முட்டிக்கு அழுதாமேடு தாங்காது. பம்பைக்குக் கீழ ஒரு ஊர்ல நல்ல லாட்ஜ் இருக்கு. வெந்நி, மெத்தை எல்லாம் உண்டு. நீங்க அங்க இருந்தா, நம்ம ஆளுக நடந்து வந்ததும் சேர்ந்து ஏறிக்கலாம்."

"நான் லாட்ஜுக்கா நேந்தேன்?" என்றேன்.

"சாமிக்கு எல்லா வழியும் ஒண்ணுதான."

"அப்ப நீங்க எதுக்கு இருபது வருசமா பெருவழியில போறீக?"

ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

என் மேல் கரிசனம்தான். இருந்தாலும் எனக்குக் கோபம் வந்தது. என் முட்டி என்னோடது.

அவர் மட்டும் முதல் வருடத்துக்குப் பிறகு ஒரு கொப்புளம் இல்லாமல் திரும்புகிறவர். பரமனெல்லாம் பாதம் கிழிந்து ஒரு வாரம் நொண்டுவான். இவர் வந்ததும் உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்து, நல்லெண்ணெய் சூடுபண்ணித் தேய்த்துவிடுவேன். ஒரு கீறல் இருக்காது. சாமி இவரைப் பூவில் நடத்திக் கூட்டி வருகிறது என்று லோகமணியிடம் நானே எத்தனை முறை பெருமையடித்திருக்கிறேன்.

கார்த்திகை 23, வியாழன்

தேனிக்குக் கூட்டிப் போய் ஈசிஜி எடுக்க வைத்தார். டாக்டர், "தாராளமா நடக்கலாம்மா" என்றார். வரும் வழியெல்லாம் இவர் முகம் சரியில்லை. ஏதோ எனக்கு நோய் இல்லாதது அவருக்கு நஷ்டம் மாதிரி.

கார்த்திகை 24, வெள்ளி

நெய்த்தேங்காய்க்குத் தேங்காய் உரசினேன். கை எரிச்சல்.

மார்கழி 2, சனி

அருள்மணி போன் பண்ணினான். பத்தொன்பது வயதில் அவனும் கன்னியாகப் பெருவழி போய் வந்தவன். "அழுதாமேடு கஷ்டமா, கரிமலை கஷ்டமாடா?" என்று கேட்டேன்.

"எல்லாமே கஷ்டம்தாம்மா. நீ அப்பா சொல்றபடி வண்டியில போயேன்."

"உங்கப்பா எப்படி ஏறுவாரு? மூச்சு வாங்குமா?"

"அவரு பழகுனவரும்மா" என்றான். ஆபீஸில் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டான். சனிக்கிழமையும் அவனுக்கு வேலைதான், பாவம்.

மார்கழி 7, வியாழன். எருமேலி

காலையில் இருமுடி கட்டினோம். மூன்று முறை கைப்பிடி அரிசி போட்டேன். குமுளி இறங்கி முண்டக்கயம் வழியாக மூன்று மணிக்கு எருமேலி வந்தோம். மொத்தம் பதினான்கு பேர். மாளிகைப்புறம், அதாவது பெண் சாமி, நான் ஒருத்திதான்.

பேட்டை துள்ளினோம். முகத்தில் கலர்ப்பொடி, தலையில் இலைக்கொத்து, கையில் சரம் என்கிற மர அம்பு. கன்னிசாமிகள் இந்தச் சரத்தை மேலே சரங்குத்தியில் கொண்டுபோய்க் குத்த வேண்டும். கொட்டுக்கு நானும் ஆடினேன். கல்யாணத்தில்கூட நான் ஆடியதில்லை. பள்ளிவாசலைச் சுற்றி வரும்போது இவரைப் பார்த்தேன். ஓரமாக நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

சாமிகள் படுக்கும் விரிக் கொட்டகையில் பாய் போட்டாயிற்று. விடிந்ததும் நடை.

மார்கழி 8, வெள்ளி காலை

குளித்து, இருமுடியைத் தலையில் ஏற்றிவிட்டேன். அப்போது வந்தார். "சாமி, அழுதைப் பக்கம் ஆனைக்கூட்டம் இறங்கியிருக்காம். பாரஸ்ட்காரங்க பொம்பளைகளை விடமாட்டேங்கிறாங்க. இப்பத்தான் சொல்லிட்டுப் போறாங்க."

பரமனைப் பார்த்தேன். அவன் தன் துண்டைப் பார்த்தான்.

"ஒரு நாள் காத்திருப்போம்" என்றேன்.

"பதிமூணு பேரையுமா? நீங்க தனியா வண்டியில போகவும் முடியாது. அதுனால நான் துணைக்கு வர்றேன். எனக்கும் இந்த வருசம் பெருவழி இல்ல. உங்களுக்காக."

எனக்காக இருபது வருட வழக்கத்தை விடுகிறாரே என்று உருகிப்போய்விட்டேன். வண்டியில் ஏறினேன். பரமன் ஆட்கள் சரணம் சொல்லிக்கொண்டே நடந்து போவது கண்ணாடியில் தெரிந்தது. பார்க்க முடியவில்லை, திரும்பிக்கொண்டேன்.

அதே நாள், பகல் இரண்டு மணி. லாட்ஜ்

இவர் அறையில் தூங்குகிறார். நான் வராந்தாவில் இருக்கிறேன். நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பதினொன்றரைக்கு வந்தோம். வாசலில் ஒரு மலையாளத்து அம்மா, லாட்ஜ்காரி. என்னைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு இவரிடம் சிரித்தாள். "சாமி வந்நோ? ஒன்பதாம் நம்பர் கழுகி வெச்சிட்டுண்டு."

ஒன்பதாம் நம்பர் அறையைக் கழுவி வைத்திருக்கிறாளாம். இவர் வழி கேட்கவில்லை. படியேறி, வலது பக்கம் திரும்பி, கதவைத் தோளால் ஒரு இடி இடித்துத் திறந்தார். அந்தக் கதவு அப்படித்தான் திறக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உள்ளே போனதும் கட்டிலுக்கு அடியில் காலால் துழாவி ரப்பர் செருப்பு ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இது யாரோட செருப்பு?" என்றேன்.

"இங்க கெடக்கும் சாமி."

குளிக்கப் போனார். நான் கீழே போய் அந்த அம்மாவிடம் வெந்நீர் கேட்டேன். நல்ல மனுஷி. தமிழும் மலையாளமும் கலந்து பேசினாள். "சாமி எல்லா வருஷமும் இவிடெ தானே. பத்திருபது வருஷமாச்சு. கூட்டத்தைக் காட்டுக்கு அனுப்பிட்டு இவிடெ வரும். ரெண்டு நாள் நல்லா உறங்கும், டிவி காணும். பின்னே பம்பைக்குப் போவும். இந்த வருஷம் சாமி அம்மாவைக் கொண்டு வந்தது எனக்கு சந்தோஷம்."

"வருசா வருசமா?" என்றேன்.

"ஒரு வருஷமும் விட்டதில்லா. ஆ செருப்பு சாமியுடெ தான். நான் எடுத்து வைக்கும்."

வெந்நீர் வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தேன். குளித்து, திருநீறு பூசி, பாதத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பாதத்தைப் பார்த்தேன். இருபது வருடமாக அதைப் பிடித்துவிட்ட கை என்னுடையது. ஒரு கீறல் இல்லை, ஒரு கீறல் இல்லை என்று அந்தக் கை சொல்லிக்கொண்டுதானே இருந்தது. மேலே எழுத முடியவில்லை.

ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் கத்துவேன். கழுத்தில் மாலை இருக்கிறது.

மார்கழி 9, சனி. பம்பை

காலை பத்து மணியிலிருந்து காட்டுவழி வந்து இறங்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். இவர் நிழலில் இருமுடிகளுக்குக் காவல்.

கரிமலை இறங்கி வந்த முதல் கூட்டத்திலேயே நாலு மாளிகைப்புறங்கள். அதில் ஒருவருக்கு எழுபது வயது இருக்கும். "ஆனை இருந்துச்சா சாமி? பொம்பளைகளை விட மாட்டேன்னாங்களாமே?" என்று கேட்டேன்.

"ஆனையா? நாங்க பாத்ததெல்லாம் அட்டைதான் தாயி. யாரும் யாரையும் மறிக்கல. நீங்க வண்டியிலயா வந்தீக?"

ஆமாம் என்றேன். என் வாயால் சொல்ல வேண்டி வந்தது.

பன்னிரண்டு மணிக்குப் பரமன் வந்தான். பாதத்தில் துணி சுற்றியிருந்தான். நான் எழுந்து நின்றதுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. இருமுடியோடு இருக்கிறவன், குனியவும் முடியாமல் நின்றான்.

"அவரு எத்தனை வருசம் நடந்தாரு பரமா?"

"மொத வருசம் மட்டும்தான் மைனி."

மாலை போட்ட நாளிலிருந்து என்னை சாமி என்றே கூப்பிட்டவன், அந்த நேரத்தில் மறந்து மைனி என்றான்.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"நடக்கிறவங்க எல்லாத்துக்கும் தெரியும். குருசாமி சொல்ல வேணாம்னாரு. அவரு இல்லேனா குழுவே இல்ல. நாங்களும் விட்டுட்டோம்."

பன்னிரண்டு பேர். ஒவ்வொருவன் வீட்டுக்கும் நான் அதிரசம் செய்து கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஒருவன்கூட, ஒரு தடவைகூட, பேச்சுவாக்கில்கூட வாய் தவறவில்லை.

சாயங்காலம் மலையேறினோம். சரங்குத்தியில் எல்லாக் கன்னிகளும் சரம் குத்தினார்கள். நான் குத்தவில்லை. பையில் வைத்துக்கொண்டேன். இவர் பார்த்தார்.

மார்கழி 10, ஞாயிறு

பதினெட்டாம்படி ஏறினேன். தரிசனம் கிடைத்தது. சாமி முன்னால் நின்றபோது சொல்ல ஒன்றும் இல்லை. மன்னித்துக்கொள், இது கணக்கில் வராது என்று மட்டும் சொன்னேன்.

மார்கழி 11, திங்கள்

நேராகக் கோயிலுக்கு வந்தோம். வீட்டுப் பெண்களெல்லாம் ஆரத்தியோடு நின்றார்கள். இவர் வரிசையாக மாலை கழற்றினார். என் முறை வந்தது. கையை நீட்டினார்.

"எனக்கு வேணாம் சாமி" என்றேன்.

"என்ன சாமி இது? போயிட்டு வந்துட்டோம்ல."

"நீங்க போயிட்டு வந்துட்டீக. நான் இன்னும் போகல. பெருவழியில நடந்துட்டு வந்து கழட்டிக்கிறேன்."

லோகமணி, "ஆனை மறிச்சுதுன்னு சொன்னாக?" என்று வெகுளியாகக் கேட்டாள். பன்னிரண்டு ஆண்களும் தரையைப் பார்த்தார்கள். அவர் கை நீண்டபடியே இருந்தது. அப்புறம் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மார்கழி 12, செவ்வாய்

இவர் தன் மோட்டார் ரிப்பேர் கடைக்குப் போகவில்லை. மோட்டார் காயில் கட்டக் கொடுத்த விவசாயிகள் இரண்டு பேர் வீட்டுக்கே வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். அடுப்படி வாசலில் வந்து உட்கார்ந்து அவரே சொன்னார்.

முதல் வருடம் கரிமலைப் பாதி ஏற்றத்தில் மூச்சு அடைத்ததாம். செத்துவிடுவோம் என்று பயந்து, ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாராம். நாலு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்களாம். அடுத்த வருடம் எருமேலிக்குப் போனதுமே காலும் கையும் ஆட ஆரம்பித்ததாம். பம்பையில் இடம் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்று சொல்லி வண்டியில் ஏறிக்கொண்டாராம். அதுவே வழக்கமாகிவிட்டது.

"பயம்னா பயம்னு சொல்லியிருக்கலாம்ல. நான் சிரிச்சிருப்பேனா?"

"குருசாமின்னு ஊரே கால்ல விழுந்துருச்சு. அதுக்கப்புறம் எப்பிடிச் சொல்ல?"

"சரி. எனக்கும் சேத்து நடக்கிறேன்னு எதுக்குச் சொன்னீக?"

எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார்.

பயப்பட்டதை நான் தப்பாக நினைக்கவில்லை. அந்த மலையில் எனக்கும் பயம் வரலாம். ஆனால் என் பிள்ளைக்காக நான் நேர்ந்ததை எடுத்துத் தன் கதைக்கு முடிவாக வைத்துக்கொண்டாரே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. நான் நடந்தால் அவர் நடக்காதது தெரிந்துவிடும் என்று ஆனையைக் கொண்டுவந்து குறுக்கே நிறுத்தினார். அவர் துணைக்கு வருகிறார் என்று நான் உருகினேனே, அதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மார்கழி 13, புதன்

அருள்மணியைக் கூப்பிட்டேன். "நீ நடந்த வருசம் உங்கப்பா எங்கடா இருந்தாரு?"

அழ ஆரம்பித்துவிட்டான். முப்பத்தோரு வயது ஆம்பளை. "அப்பா சத்தியம் வாங்கிட்டாரும்மா. உனக்குத் தெரிஞ்சா நீ தாங்க மாட்டேன்னாரு."

பன்னிரண்டு வருடம். யாருக்காக நேர்ந்தேனோ, அவனும்.

"அம்மா, நான்தான் நல்லா இருக்கேன்ல. சாமி ஒண்ணும் நெனைக்காதும்மா. விட்டுருமா."

"விடச் சொல்றதுக்கு இது உன் விசயம் இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் நானும் அழுதேன். அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாள். இரண்டு பிள்ளைக்கு எடை தப்பாக எழுதி அடித்துத் திருத்தினேன்.

மார்கழி 16, சனி

குச்சனூர் செல்லையா குருசாமியைப் போய்ப் பார்த்தேன். அவர் குழுவில் ஐந்து மாளிகைப்புறங்கள் பெருவழி போகிறார்கள். மாலை, விரதம் எல்லாம் விசாரித்தார். "தெய்வேந்திரன் சாமி இருக்கும்போது எங்க கூட எதுக்கு?" என்றார்.

"அவரு இந்த வருசம் முடிச்சுட்டாரு சாமி."

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். இருமுடியைத் தானே கட்டிவிடுவதாகச் சொன்னார்.

மார்கழி 18, திங்கள்

இவருக்கு அயிரை மீன் ஆசை. மாலை தொங்குகிற வீட்டில் மீன் வராது. தங்கச்சி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, வாசலில் நின்று வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே வந்தார்.

மார்கழி 22, வெள்ளி

"வேற குருசாமிகிட்ட இருமுடி கட்டுனா ஊருக்குள்ள என்ன நெனைப்பாக?" என்றார்.

"கேட்டா நீங்களே சொல்லுங்க. நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல."

"வேணும்னா நானும் வர்றேன் சாமி. கூட நடக்கிறேன்."

அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். மெய்யாகவே வருகிறாரா என்று ஒரு நொடி ஆசைப்பட்டேன். "நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்குச் செல்லையா சாமி வீட்ல இருக்கணும்" என்றேன்.

மார்கழி 23, சனி

ஐந்து மணிக்கு நான் மட்டும்தான் இருந்தேன்.

மார்கழி 24, ஞாயிறு. அழுதை

வெளிச்சம் போவதற்குள் எழுதுகிறேன். எருமேலியில் விடிய நடக்க ஆரம்பித்து நாலரைக்கு அழுதா நதிக்கு வந்தோம். பேரூர்த்தோட்டில் மீனுக்குப் பொரி போட்டோம். காளைகட்டியில் வெடி வழிபாடு. ஒரு ஆனையும் இல்லை.

அழுதையில் இந்த வருடம் முழங்கால் அளவுதான் தண்ணீர். கல் வழுக்குகிறது. கரையிலிருந்து கரைக்குக் கயிறு கட்டியிருக்கிறார்கள். முங்கி எழும்போது கையில் ஒரு கல் எடுக்க வேண்டும். நாளைக்குக் கல்லிடுங்குன்றில் போட. கன்னிகளெல்லாம் சின்னக் கல்லாகத் தேடினார்கள். எனக்குக் கிடைத்தது கைக்கு அடங்காத ஒன்று. மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன்.

இரண்டு குதிகாலிலும் கொப்புளம். கட்டைவிரல் நகம் கருத்துவிட்டது. பக்கத்தில் படுத்திருக்கும் மாளிகைப்புறம், வயது அறுபத்தெட்டு, என் காலைப் பார்த்து, "நாளைக்குத்தான் தாயி இருக்கு" என்கிறார்.

மார்கழி 25, திங்கள்

நடந்தேன்.

மார்கழி 26, செவ்வாய்

சரங்குத்தியில் சரம் குத்தினேன். படியேறினேன். இந்த முறை சாமியிடம் பேச நிறைய இருந்தது. பின்னால் இருந்தவர்கள் தள்ளிவிட்டார்கள்.

மார்கழி 28, வியாழன்

நேற்று குச்சனூரில் செல்லையா சாமி மாலை கழற்றினார். வீட்டுக்கு நொண்டிக்கொண்டு வந்தேன். இவர் கோழிக்கறி வாங்கி வைத்திருந்தார். நான்தான் சமைத்தேன்.

சாப்பிடும்போது கேட்டார். "அழுதையில தண்ணி எப்பிடி?" சொன்னேன். "கரிமலை எப்பிடி இருந்துச்சு? உச்சியில கெணறு இருக்குமே. ஏற்றம் எத்தனை மணி நேரம் புடிச்சுது?"

அவர் என்னிடம் இப்படிக் கேட்டு எத்தனை வருடமாயிற்று. நான் நடந்ததைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன். மனசு கொஞ்சம் இளகியது. "அலுப்பா இருக்கு, நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

தை 3, திங்கள்

பொங்கல் வேலையில் இந்த நோட்டைத் தொடவே இல்லை. கொப்புளம் ஆறிவிட்டது. இன்று பிள்ளைகளுக்கு விடுமுறை. சாவகாசமாக உட்கார்ந்து மார்கழி 25-ஐ எழுதலாம் என்று பீரோவைத் திறந்தேன். அன்றைக்கு விரியில் பேனா பிடிக்கத் தெம்பு இல்லாமல் ஒரே ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் படுத்துவிட்டேன். ஆனால் எல்லாம் அப்படியே நினைவில் இருக்கிறது. பாதி ஏற்றத்தில் எனக்கு என்ன ஆயிற்று, யார் என் கையைப் பிடித்தார், உச்சியில் நின்று நான் என்ன சொன்னேன் என்று எல்லாமே.

நோட்டு சேலைக்கு அடியில் இல்லை. அவர் மேசையில் இருந்தது. மேலே அவர் கண்ணாடி. அவர் கடையில் இருந்தார்.

நோட்டுக்குள் கடை பில் ஒன்று செருகியிருந்தது. பின்பக்கத்தில் அவர் கையெழுத்து.

"அழுதை: இந்த வருசம் முழங்கால் தண்ணி. வழுக்குப் பாறை. கயிறு கட்டியிருக்கு. கல் பெரிசு, கைக்கு அடங்கல. மாத்தச் சொன்னாங்க, மாத்தல. நகம் கருத்துப் போச்சு.

கரிமலை: கேக்கணும்."

கார்த்திகையில் சொல்ல வேண்டிய கதைக்குத் தையிலேயே ஆயத்தம். என் கல், என் நகம். நோட்டில் அழுதைப் பக்கத்துக்கு வர வேண்டுமானால் லாட்ஜ் பக்கத்தைத் தாண்டியிருக்க வேண்டும். பரமன் சொன்னதை, நான் அருள்மணியோடு அழுததை, ஐந்து மணிக்கு நான் மட்டும் நின்றதை, எல்லாவற்றையும் புரட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறார். அதில் ஒரு வரியைக்கூட அவர் எழுதிவைத்துக்கொள்ளவில்லை.

மத்தியானம் சாப்பிட வந்தார். மோர் ஊற்றும்போது கேட்டார். "கரிமலையைப் பத்திச் சொல்றேன்னியே."

நான் மோர்ச்சட்டியைக் கீழே வைத்தேன். "நடந்து பாத்துட்டு வாங்க" என்றேன். கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னேன். அவருக்குக் காது சிவந்துபோயிற்று. பில் தாள் நான் வைத்த இடத்தில், அவர் தட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதைப் பார்த்தார். மோரைக் குடிக்காமல் எழுந்து கை கழுவினார்.

கரிமலையை நான் எழுதப் போவதில்லை. இந்த நோட்டை ஒளித்து வைக்கவும் மாட்டேன். மேசை மேலேயே கிடக்கட்டும். அடுத்த கார்த்திகைக்குள் அவர் எத்தனை தடவை எடுத்துப் புரட்டினாலும், அந்தத் தேதியில் அந்த ஒரு வார்த்தைதான் இருக்கும்.